ஈயக் குண்டின் எடை: வாய்வழித் துப்பாக்கியும் யானை வேட்டையும்



நம் பள்ளி வரலாற்றுப் பாடநூலில் பாளையக்காரர்களுக்கு இடமில்லை. ஆயினும் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, வெள்ளைக்காரனிடம் மட்டுந்தான் துப்பாக்கி இருந்ததா? நம்மவரிடம் இல்லையா?" இருந்தது என்பதே விடை. ஆனால் அந்தத் துப்பாக்கி எப்படிப்பட்டது, அதற்குள் எதனை இட்டுச் சுட்டார்கள், எத்தனை கெஜம் தொலைவுக்கு அது பயன்பட்டது என்பனவற்றை விளக்கப் புகுந்தால் ஒரு பாடவேளை போதாது. ஆகவேதான் இந்தப் பதிவு. போரைப் பற்றி எழுதுவோர் பலர் உள்ளனர். நான் இங்கே பெரும்பாலும் வேட்டையைப் பற்றியே எழுதுகிறேன். குண்டு எத்தகையதாக இருக்க வேண்டும் என்று படைவீரனைவிட வேட்டைக்காரன்தான் மிகுதியாகச் சிந்தித்திருக்கிறான். படைவீரன் அரசு கொடுத்ததைச் சுடுவான். வேட்டைக்காரனோ தன் குண்டைத் தானே வார்த்துக்கொண்டான். பிழைபட்டால் விலங்கு குற்றுயிராய்க் காட்டுக்குள் ஓடிவிடும், அல்லது அவன்மீதே திரும்பிவிடும்.

முதலில் கருவியைப் பார்ப்போம். இன்றைய துப்பாக்கியில் தோட்டாவைப் பின்புறமாக இடுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் உலகெங்கும் வழங்கிய துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்வழி கிடையாது. குழலின் வாய்வழியாகவே மருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் தக்கையோ, எண்ணெய் தோய்த்த துணித்துண்டில் பொதிந்த குண்டோ வைத்து, நீண்ட கோலால் அடிவரை இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு பின்புறத்துச் சிறு துளையருகே நெருப்பு. தொடக்கத்தில் புகையும் திரி, அடுத்துச் சக்கிமுக்கிக் கல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பின் செம்பாலான கேப்பு. இலங்கைத் தமிழர் துப்பாக்கியைத் 'துவக்கு' என்பர். இவ்வாறு இடித்துக் கெட்டிக்கும் துவக்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'இடியன்'. இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வாய்வழியே திணிப்பதாகையால் உள்ளே எதனையும் இடலாம். ஆணி, கூழாங்கல், இரும்புத் துண்டு என எல்லாம் இட்டிருக்கிறார்கள். பிரான்சிஸ் லைட் 1786இல் இத்தீவுக்கு வந்தபோது, புதரை வெட்ட ஆள் முனையாததால் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசைத் தேடிய மக்கள் காட்டையே அழித்துவிட்டனர் என்றும் ஒரு கதை உண்டு. நம் பினாங்குப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதைதான். மெய்யோ பொய்யோ, வாய்வழிப் பீரங்கியில் அது செய்யக்கூடிய காரியமே.

எனினும் வேட்டைக்குக் காரீயத்தை மிஞ்சிய பொருள் இல்லை. இங்கே ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. மலேசியத் தமிழர் நாம் 'ஈயம்' என்றால் தைப்பிங், ஈப்போ பக்கத்து ஈய லம்பங்களை நினைக்கிறோம். அது வெள்ளீயம். குண்டு வார்ப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். விறகடுப்பும் இரும்புக் கரண்டியும் இருந்தால் போதும். நீரைப் போல் பதினொரு மடங்குக்கு மேல் அடர்த்தி உடையது. எனவே சிறிய குண்டிலேயே பெரிய எடை அடங்கிவிடும். மிகவும் மென்மையானது என்பதால் குழலைத் தேய்க்காது. ஆனால் அந்த மென்மையே ஒரு சிக்கலாகவும் அமைந்தது. அதனைப் பின்னர் காண்போம்.

துப்பாக்கியின் பருமனை அக்காலத்தில் அங்குலத்தால் சொல்லவில்லை, எண்ணால் சொன்னார்கள். பன்னிரண்டாம் எண் என்றால், ஒரு ராத்தல் காரீயத்தில் பன்னிரண்டு உருண்டைகள் வார்த்தால் அவற்றுள் ஒன்று அக்குழலுக்குச் சரியாகப் பொருந்தும் என்பது பொருள். ஆகவே எண் குறையக் குறையக் குண்டு பெரிதாகும். பன்னிரண்டாம் எண் குண்டு ஏறத்தாழ 38 கிராம். அதன் குறுக்களவு 18.5 மில்லிமீட்டர், ஏறத்தாழ இன்று நம் கையில் புழங்கும் 10 காசு நாணயத்தின் அகலம். நான்காம் எண் குண்டோ 113 கிராம். எடை மூன்று மடங்கு கூடினாலும் குறுக்களவு 26.7 மில்லிமீட்டர்தான். உருண்டையின் எடை குறுக்களவின் மும்மடியாக வளரும் என்னும் கணக்கை ஆறாம் ஆண்டு மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. (வகுப்பறைக்குள் குண்டைக் கொண்டுபோகாதீர்கள்.)

இனி நம் தலைப்புக்குப் பினாங்கோடு உள்ள உறவு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் படைத்துறை நினைவுக் குறிப்புகளில் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களைப் பற்றி எழுதியுள்ளார். போருக்கு முற்பட்ட காலத்தில் அவர்களோடு பழகியவர் அவர். மூத்தவரான பெரிய மருது ஆட்சிப் பொறுப்பில் மனம் செலுத்தாது வேட்டையிலேயே பொழுதைக் கழித்தவர் என்றும், ஆர்க்காட்டு ரூபாய் நாணயத்தை விரலால் வளைக்கும் வலிமை படைத்தவர் என்றும் வெல்ஷ் கூறுகிறார். சின்ன மருதுவே தமக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்பித்தார் என்றும் நன்றியோடு குறிப்பிடுகிறார். வளரி 100 கெஜம் வரையில் குறி தவறாது செல்லும் என்பது அவர் கணிப்பு. இந்த 100 கெஜத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புரியில்லாத வழுவழுப்பான குழலையுடைய அக்காலத் துப்பாக்கியின் உருண்டைக் குண்டு நம்பத்தக்க வகையில் சென்றதும் ஏறக்குறைய அதே தொலைவுதான், பல வேளைகளில் அதனினும் குறைவு. குண்டு குழலுக்குள் தளர்வாக இருக்கும். வெளியேறும்போது எந்தப் பக்கம் கடைசியாக உரசிற்றோ அதற்கேற்பத் திசை மாறும். ஆகவே வளரி வைத்திருந்தவனைப் பிற்பட்டவன் என்று எண்ணுவது அறியாமை. மீண்டும் மருந்து கெட்டிக்கும் நேரத்தில் அவன் இன்னும் இரண்டு வளரிகளை வீசிவிடுவான்.

1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையப்பட்டு மக்கள் படைக்கலம் ஏந்துவதைத் தடைசெய்தது. 1802 பிப்ரவரியில் 70க்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் கொண்டுவரப்பட்ட இடம் நம் பினாங்கு. அவர்களுள் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர், சிறுவர். 1818இல் பினாங்குக்கு வந்த வெல்ஷ் அவரைக் கண்டபோது அடையாளமே தெரியவில்லை. முப்பது வயதை ஒட்டியவர், தளர்ந்த முதியவராய்த் தோன்றினார். ஜார்ஜ்டவுனில் இதற்கொரு நினைவுக்கல்லேனும் வைத்திருக்கலாம் என்பது என் நெடுநாளைய எண்ணம். அது வேறொரு பதிவுக்குரியது.

படைக்கலம் பறிக்கப்பட்ட தெற்கில் வேட்டை யாருடைய உரிமையாயிற்று என்பதே அடுத்த வினா. குடகு மக்கள் விதிவிலக்கு. 1861இல் அவர்களுக்கு அளிக்கப்பட்ட படைக்கலச் சட்ட விலக்கு இன்றளவும் தொடர்கிறது. செப்டம்பரில் கயில்பொல்து விழாவில் அவர்கள் துப்பாக்கிக்கு மலர் சூட்டி வழிபடுவர். ஏனையோரிடம் எஞ்சியவை சில நாட்டுத் துப்பாக்கிகளே. மலைகளும் காடுகளும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் தோட்டத்துரைமார்க்கும் விளையாட்டுத் திடலாயின. அவர்களுள் எழுதத் தெரிந்தவர்கள் எழுதியும் வைத்தனர். எனவே குண்டைத் தேர்ந்தெடுக்கும் கலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகள் அனைத்தும் அவர்கள் பக்கத்துச் சான்றுகளே. இதனை மறவாமல் மேலே படிக்க வேண்டும்.

இலங்கைக்குச் செல்வோம். மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் என்பவர் இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்தவர், பதுளையில் அரசு அதிகாரி. அவர் கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்று சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தம் 1859ஆம் ஆண்டு நூலில் எழுதுகிறார். ஆயிரத்து நானூறு! ஒரு மனிதர், வாய்வழித் துப்பாக்கியைக் கொண்டு. 1845 ஜூனில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் மின்னல் தாக்கியது என்று ஊரார் சொல்லிக்கொள்வர். கொன்ற பாவம் தொடர்ந்தது என்பது அவர்கள் கருத்து.

ரோஜர்ஸ் எழுதி வைக்கவில்லை. அவருக்குப் பின் வந்த சாமுவேல் பேக்கர் எழுதினார். பிற்காலத்தில் நைல் ஆற்றின் மூலத்தைத் தேடிச் சென்று, 1864இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவர் இவரே. 1848இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்து, 1855 வரையில் அங்கே வாழ்ந்தார். இலங்கை வேட்டை பற்றிய அவருடைய நூல் 1854இல் வெளிவந்தது. அதில் உள்ள யானைக் கொலைகளைப் படிக்க மனம் ஒப்பவில்லை. ஆயினும் கருவியைப் பற்றி அவர் எழுதிய பகுதிகள் ஒரு பொறியாளரின் தெளிவோடு உள்ளன.

பேக்கர் 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் தனக்கென ஒரு ரைபிள் செய்வித்தார். எடை 21 ராத்தல், ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. குழலின் நீளம் 36 அங்குலம். உட்புறத்தில் எதிரெதிராக இரண்டு புரிகள் வெட்டப்பட்டிருந்தன. உருண்டைக் குண்டைச் சுற்றி ஒரு வளையப் புடைப்பு வார்க்கப்பட்டிருக்கும். அப்புடைப்பு புரிகளுக்குள் அமர்ந்து குண்டைச் சுழலச் செய்யும். அவ்வுருண்டைக் குண்டு மூன்று அவுன்சு, கூம்புக் குண்டு நான்கு அவுன்சு. மருந்து 16 டிராம், அதாவது முழுமையாக ஓர் அவுன்சு. அக்காலத்துப் படைத்துப்பாக்கியில் இட்ட மருந்தைப்போல் பல மடங்கு இது. சுட்டவரின் தோள்பட்டை என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு பெரிய குண்டு எதற்கு? யானையின் தலையமைப்பே காரணம். மூளை சிறியது. தலையின் பின்பகுதியில், தேன்கூடு போன்ற அறைகளையுடைய தடித்த எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. நெற்றியில் படும் குண்டு அந்த எலும்பு முழுவதையும் ஊடுருவிச் செல்ல வேண்டும். மென்மையான காரீயம் எலும்பில் பட்டவுடன் அப்பளம் போல் தட்டையாகிவிடும். யானை தலையை உதறிக்கொண்டு பாய்ந்து வரும். ஆகவே காரீயத்தைக் கடினமாக்க வேண்டியிருந்தது. வெள்ளீயம் கலந்தார்கள். பேக்கர் பாதரசத்தைப் பெரிதும் நம்பினார். ஒன்பது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு பாதரசம் என்பது அவர் சொல்லும் அளவு. மொத்தமாகக் கலந்தால் சூட்டில் பாதரசம் ஆவியாகிவிடும் என்பதால், மூன்று நான்கு குண்டுகளுக்கு வேண்டிய காரீயத்தை மட்டும் கரண்டியில் எடுத்து, அதில் பாதரசத்தைச் சேர்த்துக் கிளறி, உடனே அச்சில் ஊற்ற வேண்டும் என்கிறார். அந்த ஆவி கொடிய நஞ்சு. கரண்டியைப் பிடித்துக் கிளறியவர் பெரும்பாலும் வேலையாளாகத்தான் இருந்திருப்பார் என்பது என் ஊகம்.

மான், சிறுத்தை போன்றவற்றுக்கு இதற்கு நேர்மாறான குண்டே வேண்டும். மெல்லிய தோலும் சிறு எலும்பும் உடைய விலங்கின் உடலைக் கடினக் குண்டு துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும். விலங்கு நெடுந்தொலைவு ஓடிப் புதரில் விழுந்து மெல்ல மெல்லச் சாகும். தூய காரீயமானால் உள்ளேயே மலர்ந்து விரிந்து உடனே வீழ்த்தும். எனவே பட்டறிவுள்ள வேட்டைக்காரரின் பையில் இரண்டு வகைக் குண்டுகள் தனித்தனியாக இருந்தன. எந்தக் காட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்து, காலையிலேயே எதனைக் கெட்டிப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். வாய்வழித் துப்பாக்கியில் கெட்டித்ததை மாற்றுவது எளிதன்று. மானுக்கென்று கெட்டித்த துப்பாக்கியோடு யானைக்கு முன் நிற்பவனுக்கு ஓடுவதே வழி.

இங்கே துப்பாக்கி தூக்கிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு முறை சுட்டபின் மீண்டும் கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். கருமருந்தின் வெண்புகை வேறு கண்ணை மறைக்கும். காற்றில்லாத காட்டில், சுட்ட விலங்கு விழுந்ததா, வருகிறதா என்பதே தெரியாது. ஆகவே துரைக்குப் பின்னால் நான்கைந்து பேர் கெட்டித்த துப்பாக்கிகளை ஏந்தி நிற்பர். யானை பாயும்போது அவர்கள் ஓடாமல் நின்று அடுத்த துப்பாக்கியைக் கையில் கொடுக்க வேண்டும். தூக்கிகள் ஓடிவிட்டதாகப் பேக்கர் நூலில் முறையீடுகள் உள. ஓடாமல் என்ன செய்வார்கள்? சுடுவதற்கு அவர்களுக்கு உரிமையில்லை, நிற்பதற்கு மட்டுமே கூலி. தந்தமோ புகழோ அவர்களைச் சேரவில்லை.

பேக்கர் பின்னாளில் ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது, இலங்கையில் கற்ற பாடம் அங்கே பொய்த்தது. ஆப்பிரிக்க யானையின் மண்டையோட்டு அமைப்பு வேறு. முன்னெற்றிக் குண்டு அங்கே பயன்படவில்லை. அரை ராத்தல் வெடிகுண்டைச் சுடும் ஒரு துப்பாக்கியை அவர் அங்கே கொண்டுபோனார். அதற்கு அவர் வைத்த பெயர் 'குழந்தை'. அரபு மக்கள் 'பீரங்கியின் பிள்ளை' என்றனர். சுட்ட ஒவ்வொரு முறையும் அது அவரைச் சுழற்றி எறிந்தது. அதனைச் சுட அவரே அஞ்சினார்.

அதே காலத்தில் ஐரோப்பாவின் படைத்துறையில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1840களின் இறுதியில் பிரான்சு நாட்டு மினியே என்னும் படைத்தலைவர், அடிப்பாகம் குடைந்த கூம்புக் குண்டை உருவாக்கினார். அது குழலைவிடச் சற்றுச் சிறியது. எனவே எளிதில் உள்ளே இறங்கும். மருந்து வெடிக்கும்போது குடைந்த அடிப்பாகம் விரிந்து புரிகளை இறுகப் பற்றிக்கொள்ளும். 1853ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிள் இவ்வகையே. 34 கிராம் குண்டும் நாலரைக் கிராம் மருந்தும் கொண்ட அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு எதனுடையது என்ற ஐயமே 1857இல் வட இந்தியாவைக் கொந்தளிக்க வைத்தது. அது எல்லாரும் அறிந்த வரலாறு. விரித்துரைக்கத் தேவையில்லை.

கூம்புக் குண்டு காற்றை எளிதில் கிழித்துக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும். அப்படியானால் வேட்டைக்கும் அதுவே சிறந்ததா? அக்காலத்து வேட்டைக்காரர் பலர் அப்படித்தான் நம்பினர். மறுத்தவர் ஜேம்ஸ் போர்சித். மத்திய இந்தியாவின் காட்டிலாகாவில் பணிபுரிந்த படை அதிகாரி. சாத்பூரா மலையில் பச்மரி என்னும் இடத்தில் 1862இல் அவர் கட்டிய 'பைசன் லாட்ஜ்' என்னும் வீடு பெயர்பெற்றது. வேட்டை ரைபிளையும் அதன் குண்டுகளையும் பற்றி 1863இல் அவர் வெளியிட்ட நூலே வாய்வழி ரைபிளுக்கு வேட்டைக் குண்டு தேர்வது எப்படி என்பதை முறையாக ஆராய்ந்த நூல்களுள் தலையாயது.

அவருடைய வாதம் எளிமையானது. படைவீரன் அளந்தறிந்த 600 கெஜத்தில் நின்ற கூட்டத்தைச் சுடுகிறான். தொலைவுக்கேற்பக் குறிமுனையை உயர்த்திக்கொள்ள அவனுக்கு நேரமுண்டு. வேட்டைக்காரனோ மூங்கில் புதரின் இடுக்கில், 40 கெஜமா 120 கெஜமா என்று தெரியாத தொலைவில், நொடிப்பொழுதில் சுட வேண்டியவன். கூம்புக் குண்டு தன் குறுக்களவுக்கு மிக எடையுள்ளது. அதற்கு மருந்தை மிகுத்தால் தோள் தாங்காது. குறைத்தால் மெதுவாகப் புறப்பட்டு வில்லைப் போல் வளைந்து செல்லும். தொலைவை 30 கெஜம் தவறாகக் கணித்தாலும் குண்டு முதுகுக்கு மேலோ வயிற்றுக்குக் கீழோ போய்விடும். உருண்டைக் குண்டு அதே குறுக்களவில் எடை குறைந்தது. நிறைய மருந்திட்டு விரைவாகச் செலுத்தலாம். 200 கெஜத்தில் அது விரைவை இழந்துவிடும் என்பது உண்மை. ஆனால் வேட்டை நிகழ்வது 100 கெஜத்துக்குள்தானே! அந்த எல்லைக்குள் அது ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும், பட்ட இடத்தில் அகலமான காயமும் பேரதிர்ச்சியும் தரும். வளரியின் 100 கெஜத்தை இப்போது நினைவுகூருங்கள். காட்டின் அளவு எல்லாக் கருவிக்கும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

ஆனால் ஒரு தடை. விரைவாகச் செல்லும் உருண்டைக் குண்டு, நெருக்கமாக முறுக்கிய புரியைப் பற்றாமல் வழுக்கிக்கொண்டு நேரே போய்விடும். சுழற்சி இல்லையேல் குறி இல்லை. இதற்குப் போர்சித் கண்ட தீர்வு மிக மெதுவான முறுக்கு. பதினான்காம் எண் குழலுக்கு 104 அங்குல நீளத்தில் ஒரே ஒரு சுற்று. குழலோ முப்பது அங்குலத்துக்குள். ஆகவே குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது கால் சுற்றுத்தான் சுற்றியிருக்கும். அதுவே போதும் என்று செய்து காட்டினார். புரிகளையும் ஆழமின்றி அகலமாக வெட்டச் சொன்னார். இன்றும் மேலை நாடுகளில் பொழுதுபோக்காக வாய்வழித் துப்பாக்கி சுடுவோர், உருண்டைக் குண்டுக்கு மெதுமுறுக்கு, நீண்ட குண்டுக்கு விரைமுறுக்கு என்று கூறும் விதி இதன் வழிவந்ததே. எனக்கு இதில் பிடித்தது, புதியது என்பதாலேயே சிறந்தது என்று அவர் ஒப்புக்கொள்ளாமை.

எனினும் போர்சித்தும் வெடிகுண்டை விரும்பியவரே. குண்டுக்குள் துளையிட்டு வெடிபொருள் நிரப்பி, விலங்கின் உடலுக்குள் வெடிக்கச் செய்யும் முறை அது. சிந்துப் பகுதியில் ஜான் ஜேக்கப் என்னும் தளபதி 1850களில் இதனை வளர்த்தெடுத்தார். மனிதர்மீது இதனைச் சுடுவது கொடுமை என்று 1868இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய நாடுகள் உடன்பட்டு, 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டுகளைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தன. புலிக்கும் காட்டெருமைக்கும் அவ்வுடன்படிக்கை பொருந்தவில்லை.

பதினான்காம் எண்ணா பத்தாம் எண்ணா, உருண்டையா கூம்பா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் நடக்க, காட்டில் நிகழ்ந்தது என்ன? டெனன்ட் தரும் கணக்கு இது. யானை ஒன்றுக்குச் சில ஷில்லிங் என அரசே பரிசு அறிவித்ததால், 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் இலங்கையின் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000. வட மாகாணத்து யானைகளைக் கொன்றவர்கள் பேக்கரைப் போன்ற துரைமார் மட்டுமல்லர். பரிசுக்காகச் சுட்ட ஊர்மக்களும் உண்டு. அவர்கள் கையில் பிரிஸ்டல் ரைபிள் இல்லை. இடியன்தான்.

பயிரைக் காக்க வேண்டிய தேவை மெய்யானது. அதனை மறுக்க முடியாது. அதே 1840களில் இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தமிழர்கள் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். காய்ச்சலாலும் பசியாலும் வழியில் இறந்தோர் மிகப் பலர். யானைக் காடு அவர்களுக்கு அச்சமூட்டும் வழி. அவர்கள் வெட்டித் திருத்திய மலைச்சரிவுகளே யானைகளின் உறைவிடமாக இருந்தவை. பேக்கர் யானை சுட்ட ஹோர்ட்டன் சமவெளியில் இன்று காட்டு யானை ஒன்றுகூட இல்லை.

சென்னை மாகாண அரசு 1873இல் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1879இல் இந்தியா முழுமைக்கும் அத்தகைய சட்டம் வந்தது. அதற்குள் பின்வழித் தோட்டா பரவிவிட்டது. குண்டு வார்க்கும் அச்சும் கரண்டியும் துரைமார் வீடுகளிலிருந்து மறைந்தன. 1890களில் புகையில்லா மருந்தும் வந்தபின், பாதரசக் கலவையும் 104 அங்குல முறுக்கும் பழங்கதையாயின.

எளியவர் கையில்தான் வாய்வழித் துப்பாக்கி நிலைத்தது. தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் அதில் ரவை இட்டுக் கொக்கும் காடையும் சுட்டு வாழ்ந்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அத்தொழிலைக் குற்றமாக்கியது. ஊசிமணி பாசிமணியே அவர்களுக்கு எஞ்சியது. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் பெயர் சேர்ந்தது 2023இல்தான். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவரைப் பற்றி நூலில் வியந்து எழுதியதும், காடை சுட்டவனைச் சிறையில் இட்டதும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கால இடைவெளியில் நடந்தவை.

இலங்கையில் 2011இல் எடுத்த கணக்கெடுப்பின்படி காட்டு யானைகள் 5,879. வயலோரங்களில் இடியனும், விலங்கின் கால் பட்டவுடன் தானே வெடிக்குமாறு கயிறு கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் அங்கே இன்னும் ஒழியவில்லை. காலில் குண்டேறிய யானை பல வாரங்கள் சீழ்பிடித்து நொண்டித் திரிந்தே சாகிறது. அண்மைக் காலத்தில் இவற்றோடு 'ஹக்க பட்டாஸ்' என்பதும் சேர்ந்துகொண்டது. பூசணிக்காய் போன்ற தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கிறார்கள். காட்டுப் பன்றிக்கென்று வைப்பதை யானைக்கன்றுகள் கடித்துவிடுகின்றன. தாடை சிதைந்த கன்று உண்ணவும் நீர் குடிக்கவும் முடியாமல் சில நாள்கள் வரை உயிரோடு இருக்கும்.